ஜிபெக்கின் ஆய்வுக்கு நான் போட்ட மதிப்பு

ஜனவரி 16

காலையிலிருந்து நிலக்கரிப் புகை. பிஷ்கெக் நகரமே கண்ணில் படவில்லை.

அமைச்சகத்திலிருந்து ஆய்வுகள் வந்துவிட்டன. மலைக் கிராமங்களில் உள்ள பிரசவ நிலையங்களை மூடிவிட்டு, கர்ப்பிணிகளை முன்கூட்டியே நகரத்துக்கு வரவழைத்து, ஆஸ்பத்திரியை ஒட்டிய விடுதியில் தங்கவைக்கலாமா என்பது கேள்வி. எல்லாமே நடந்ததைப் பார்த்து எழுதிய ஆய்வுகள். யார் எங்கே பிரசவிப்பது என்று ஆய்வாளர் முடிவு செய்யவில்லை. அவரவர் போன இடத்தில் பெற்றார்கள். இந்த மாதிரி ஆய்வு ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது சுலபம். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நானும் புதிதாகச் சேர்ந்த எர்கினும் தனித்தனியாகப் படித்துச் சாய்வுக்கு மதிப்பு போடுவோம்: குறைவு, நடுத்தரம், கடுமை. பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவோம். 'கடுமை' விழுந்த ஆய்வை யாரும் அப்புறம் சீண்ட மாட்டார்கள்.

மலைப்பக்கத்து நாரினிலிருந்து வந்ததைப் புரட்டினேன். எழுதியவர் பெயர் ஜிபெக்.

மெலிஸின் ஜிபெக்.

ஜனவரி 17

வேண்டியவரோ வேண்டாதவரோ எழுதியதென்றால் விலகிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித்தருவதே நான்தான். ஆனால் அவளோடு எனக்கு என்ன தொடர்பு? ஒரு வார்த்தை பேசியதில்லை. என் புருஷன் மெலிஸ் என்னை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். அது தொடர்பா?

தொடர்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன் இங்கே?

ஜனவரி 22

ஜிபெக்குக்குக் கடுமை.

கிராம நிலையத்தில் பிறந்த குழந்தைகளும் விடுதிக்கு வந்த தாய்மார்களின் குழந்தைகளும் ஒரே அளவில்தான் பிழைத்திருக்கின்றன என்கிறாள். பாதியில் காணாமல்போன தாய்மார்கள் நிறைய. வேலை தேடி ரஷ்யா போன குடும்பங்கள். அவர்களுடைய குழந்தைகள் என்ன ஆயின என்று தெரியாமல் என்ன கணக்கு? அதைத்தான் காரணமாக எழுதினேன். எழுதும்போது கை வேகமாக ஓடியது.

தெற்கே ஓஷிலிருந்து வந்த ஆய்வு விடுதிதான் நல்லது, மிக நல்லது என்கிறது. அதற்கு நடுத்தரம்.

ஜனவரி 24

எர்கினோடு உட்கார்ந்தேன். அவன் நேர்மாறாகப் போட்டிருக்கிறான். ஓஷுக்குக் கடுமை, ஜிபெக்குக்கு நடுத்தரம். ஓஷில் விடுதிக்கு வந்தவர்கள் எல்லாம் கார் வைத்திருப்பவர்கள், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருப்பவர்கள், அந்தக் குழந்தைகள் எங்கே பிறந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்றான். சரியான பேச்சு. எனக்கே தோன்றியிருக்க வேண்டியது.

ஜிபெக்கின் ஆய்வில் பின்னிணைப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

"நீ இங்க வந்து எத்தனை நாளாச்சு எர்கின்?" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க சொன்னா சரிதான் எஜே," என்று அக்கா முறையை விடாமல் சொன்னான். இரண்டிலும் என் மதிப்பே நின்றது. அதன்பிறகு அவன் டீ குடிக்க என் மேசைக்கு வரவில்லை.

ஜனவரி 25

பின்னிணைப்பைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

பிப்ரவரி 6

கூட்டம். நாரினிலிருந்து ஜிபெக்கே வந்திருந்தாள். கணவாயில் பனி, வழி நெடுக வண்டிகள் நின்றுவிட்டனவாம். ஈரம் காயாத பூட்ஸோடு வந்து உட்கார்ந்தாள். நான் நினைத்துவைத்திருந்த அழகி இல்லை. மூக்கு சிவந்து, தூக்கமில்லாத முகம். அவள் திமிராகப் பேசுகிறவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அப்படி இல்லை.

தலைவர் ஜபார் பாய்கே மதிப்பெல்லாம் வாசித்து முடித்ததும் எழுந்தாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எஜே, ரஷ்யா போனவங்க எல்லாருக்கும் போன் போட்டுப் பேசினோம். அநேகமா எல்லாக் குழந்தையோட நிலவரமும் பின்னிணைப்புல இருக்கு. அது போதாதுன்னா என்ன செஞ்சிருக்கணும்னு சொல்லுங்க. திருத்திக்கறேன்."

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என்ன சொல்வது? படிக்கவில்லை என்றா?

எர்கின் எழுந்தான். "அந்தக் குறிப்பு நான் எழுதினது. பின்னிணைப்பைக் கவனிக்காம விட்டுட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூடிக்கொண்டே இருந்தேன். அடிப்பாவி, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உனக்கு?

ஜபார் பாய்கே அவனைத்தான் கடிந்துகொண்டார். பொறுப்பில்லாத வேலை என்றார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

பிப்ரவரி 7

பின்னிணைப்பைப் படித்தேன். எல்லாம் இருக்கிறது. மாஸ்கோவில் தெரு பெருக்குகிறவள், யெகாதெரின்பர்கில் சமையல்கட்டில் இருக்கிறவள் — ஒவ்வொருத்தியாகத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

பேரைப் பார்த்ததுமே கடுமை என்று போட்டுவிட்டேன். காரணத்தை அப்புறம் தேடினேன். மற்றவர்களுடைய சாய்வை அளந்து சம்பளம் வாங்குகிறவள்.

நரைத்த தலையோடு, இவ்வளவு வருஷம் கழித்தும் — சீ.

பிப்ரவரி 8

எர்கினிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவங்க யாருன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் எஜே. அத்தனை பேர் முன்னாடி நீங்க நிக்கறதப் பாக்க முடியல."

எல்லோருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் தொடர்பில்லை என்று கையெழுத்துப் போட்டவள்.

பிப்ரவரி 11

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 12

போனேன். ஜபார் பாய்கே அறையில் நின்றுகொண்டே சொன்னேன். குறிப்பு என்னுடையது, எர்கின் எனக்காகத் தலையைக் கொடுத்தான், ஜிபெக் யார் என்பது, எல்லாம். அவர் பொரித்த போர்சோக் மாவுத்துண்டை ஜாமில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆய்வு எப்படியோ போகட்டும். உன்னை நம்பித்தானே மலைமேல இருக்கற நிலையத்தயெல்லாம் மூட இருந்தோம்?"

திட்டியிருக்கலாம். இனி இந்த வேலையில் எனக்குப் பங்கில்லை. இரண்டு ஆய்வுகளையும் அல்மாட்டியிலிருந்து வேறொருவர் புதிதாகப் பார்ப்பார். அடுத்த கூட்டத்தில் எர்கின் பேரில் தவறில்லை என்று எல்லோர் முன்னாலும் நானே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 20

சொன்னேன். காகிதத்தைப் பார்த்தே வாசித்தேன், கண்ணை உயர்த்தவில்லை. ஜிபெக் வரவில்லை என்றதும் ஒரு நிம்மதி. அதுவும் கேவலம்தான்.

மார்ச் 3

ஜிபெக்குக்கு எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தைக்கு முன்னால் மட்டும் எத்தனை முறை அழித்தேன். அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

மார்ச் 19

ஊர் முழுக்க நவ்ரூஸ் புத்தாண்டு ஏற்பாடு. ஆபீஸ் முற்றத்தில் சுமோலோக் கோதுமைக் களி கிண்டக் கொப்பரை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அல்மாட்டிக்காரரின் முடிவு வந்தது. ஓஷுக்குக் கடுமை, எர்கின் சொன்ன அதே காரணம்.

ஜிபெக்குக்கும் கடுமை.

ரஷ்யா போனவர்கள் காரணமில்லை. அதில் அவள் செய்ததை அவர் பாராட்டியே எழுதியிருக்கிறார். கிராமத்து மருத்துவச்சிகள் சிக்கலான கர்ப்பங்களை முன்னதாகவே நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிராமத்தில் மிஞ்சியது சுலபமான பிரசவங்கள். அதனால்தான் கிராம நிலையம் அவ்வளவு நன்றாகத் தெரிகிறது. எர்கினுக்கும் இது தட்டுப்படவில்லை. என் கண்ணெதிரே இருந்தது. குற்றம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு இருந்த குற்றம் தெரியவில்லை.

இரண்டையும் நம்ப முடியாது என்பதால் நிலையங்களை இப்போதைக்கு மூடமாட்டார்கள். சரியாகத் திட்டமிட்டுப் புதிய ஆய்வு ஒன்று நடத்தப்போகிறார்கள். நாரின் பக்கத்துக்கு ஜிபெக்கையே கேட்டிருக்கிறார்கள். இங்கிருந்து எர்கின். எனக்கு வேறு பிரிவு, தடுப்பூசிக் கணக்குகள்.

முடிவைச் சொல்ல எர்கின்தான் வந்தான். வெகுநாள் கழித்து என் மேசையில் உட்கார்ந்து டீ குடித்தான். ஜிபெக்குக்குக் கடுமை என்று அவன் சொன்னதும் நான் குனிந்துகொண்டேன்.

"வருத்தமா எஜே?" என்று மெதுவாகக் கேட்டான்.

இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் குனிந்தேன்.