மீசைக்காரனுக்குப் போன ஒப்பாரி

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் போனபோது கொடுத்த பழைய முகவரிக்குத்தான் எழுதுகிறேன். நேற்று உங்கள் அம்மாவை அடக்கம் செய்தோம். வோல்டா ஆற்றங்கரையே திரண்டு வந்தது. மருமகள் என்று என்னையே ஒப்பாரி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நம் டாங்மே சனத்தின் ஒப்பாரியில் செத்தவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதுதானே வழக்கம்? "சொல்லாமப் போனியே, என்னை யாரு கையில விட்டே?" என்று சரியாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு என்ன ஆனதென்றே புரியவில்லை. "வலையைக் காயப்போட்டுட்டுக் கடல் தாண்டிப் போன மீசைக்காரா" என்று பாடியிருக்கிறேன். பெண்களும் அதையே வாங்கிப் பாடி அழுதார்கள்.

மாக்கு சித்திதான் என் தோளை உலுக்கினாள். "ஏண்டி, படுத்திருக்கிறது உன் மாமியா. அவளுக்கு ஏதுடி மீசை?"

காலையிலிருந்து என்னிடம் துக்கம் கேட்க வருகிறார்கள், உங்களுக்காக. இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. யாருக்கு அழுதேன் என்று எனக்கே குழப்பம்.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நிற்கிற பாட்டை முடித்துவிடுகிறேன்.

இப்போதும் உங்கள் மனைவிதானா என்று தெரியாத,
நான்