நம் மகளின் கைப்பேச்சு

என் பாக்கியத்துக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காது கேட்காத நம் செல்லிக்காக நீ கையாலேயே ஒரு பாஷை செய்து வைத்திருந்தாய். பசி, மழை, பாம்பு, எல்லாவற்றுக்கும் ஓர் அசைவு. நான் ஒன்றையும் கற்கவில்லை. "அதான் நீ இருக்கியே" என்பேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

நீ போன பிறகு அவள் தினமும் என் எதிரில் நின்று, தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டினாள். என் கையில் ரப்பர் பால் ஒட்டியிருக்கிறது, கழுவச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கழுவினேன். அவள் முகம் வாடிப்போகும். ஒருநாள் எரிச்சலில் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார பாத்திமா அக்கா, உங்கள் கைப்பேச்சு தெரிந்தவர், அதைப் பார்த்துவிட்டார். "அலமாக்! கழுவ சொல்லல லா. சாயாங்! பாசம்! அப்பா மேல சாயாங்!" என்று திட்டினார். நீ மாலையில் என் விரலில் காய்ந்த பாலை உரித்துவிடுவாயே, அதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளை அதையே அன்புக்குச் சொல்லாக வைத்துக்கொண்டாளாம். நீயும் அவளிடம் அப்படித்தான் சொல்வாயாம். எனக்கு ஏன் சொல்லவில்லை? அன்றைக்குப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். உன் அண்ணன் குடும்பத்தோடு சிகாமட்டில் ரயிலேறி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறார். "பேச்சு வராத புள்ளய வச்சிக்கிட்டு ஒண்டியா என்ன செய்வீங்க மாப்ள? எங்ககூட அனுப்புங்க" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அங்கே அவளோடு பேச யார் இருக்கிறார்கள்?

"அனுப்ப முடியாது மச்சான். அவ பேச்ச நான் படிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். படித்தும் வருகிறேன். தப்பாகச் செய்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், உன்னைப் போலவே.

ஒன்றுதான் பாக்கி. உன்னை எடுத்த அன்று அவளை பாத்திமா அக்கா வீட்டில் விட்டிருந்தோம். நீ செத்துப்போனதை இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தினமும் ஆட்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில், நம் லயத்து வீட்டு வாசலில் நின்று உன்னைத் தேடுகிறாள்.

நாளை வேலை இல்லை. உன்னைப் புதைத்த இடத்துக்கு அவளைக் கூட்டி வருகிறேன். சாவுக்கு நீ ஓர் அசைவும் செய்து வைக்கவில்லை, பாக்கியம். நான் செய்கிறேன். அவளுக்குப் புரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செல்லியின் அப்பா,
உன் புருஷன்