மெஷினைத் தொட்டது யார்?

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் பக்கத்து வீட்டில் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். கவர் பிரிந்து வந்தால் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனியில் நான் எழுந்து போய்த் திரும்புவதற்குள் யாரோ என் மெஷினில் நூலைத் தளர்த்திவிடுகிறார்கள். தையல் பிசகி, தைத்த பீஸெல்லாம் பிரித்துத் தைக்கச் சொல்லி ஆல்ட்டருக்குத் திரும்பி வருகிறது. "ஏனுங்க அக்கா, மெஷினுக்கும் உங்களைப் புடிக்கலீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிறாள் பக்கத்து மெஷின் அனுசுயா. வரிசையில் தைக்கிற லைனே சிரிக்கிறது, சூப்பர்வைசரும்தான். பாத்ரூமுக்கு எழுந்திருக்கக் கூடாதென்று இப்போது தண்ணீரே குடிப்பதில்லை.

மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு மெஷினிலும் நூல் அறுந்தது. யார் தொட்டது என்று பாப்பாவிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து என் பக்கம் வரும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். எதை மறைக்கிறாள் என்று நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா