என்ஜினுக்குப் புளி போட்டுத் தேய்த்த மதினிக்கு

மதினி,

கையில் புளி வாடை இன்னும் போகவில்லை. நாளை ஆயுத பூஜை. காலண்டர் சீசன் உச்சத்தில் இருப்பதால் எங்கள் அச்சகத்தில் மெஷினை நிறுத்த முதலாளிக்கு மனசே இல்லை. ஆனாலும் பூஜை என்றால் விளக்குத் தேய்த்தாக வேண்டுமே. புரூப் பார்க்கிறவள் சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறாள் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்தப் புளிப்பு நிற்கிறது. தேய்க்கத் தேய்க்க உங்கள் நினைப்புதான். உங்களிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எனக்கு எந்த வகையிலும் உறவு இல்லை. நான் சிவகாசி வேனுக்கு நிற்கிற இடமும், நீங்கள் ஸ்டேஷனைக் கூட்டி முடித்து வாரியலைச் சாத்துகிற இடமும் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பழைய கரி என்ஜின் நிற்கிற மேடை. மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிய என்ஜினைக் கம்பி வேலி போட்டு, பலகை எழுதி, ஊர் பார்க்கட்டும் என்று நிறுத்தியிருந்தார்கள். உச்சி முதல் சக்கரம் வரை கறுப்புப் பெயிண்ட். வேன் வரத் தாமதமானால் அதன் நிழல்தான் எங்களுக்குப் புகலிடம். முதல் நாள் நீங்களாகத்தான் பேச்சை ஆரம்பித்தீர்கள். "என்ன மதினி, சாப்பிட்டீகளா?" அப்புறம் நானும் உங்களை மதினி என்றே கூப்பிட்டேன். யாருக்கு யார் மதினி என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு என்ஜினுக்கும் மாலை போடலாம் என்று ஸ்டேஷன்காரர்கள் பேசி, அதைக் கழுவச் சொல்லி உங்களிடம் விட்டார்கள். கழுவிக்கொண்டிருந்த நீங்கள் நகத்தால் எதையோ சுரண்டிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மதினி, இங்கன வாங்க. உள்ளுக்குள்ள பித்தளை!"

நம்பர் தகடு. மேலே இருந்த விசிலும் அதேதான். மறுநாள் பழைய பிளேடும் செங்கல் பொடியும் வீட்டிலிருந்து ஒரு உருண்டை புளியும் கொண்டுவந்துவிட்டீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, பெயிண்டைச் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்தீர்கள்.

"இது என்ன உங்க வீட்டுக் குத்துவிளக்கா?" என்று கீழே நின்று கேலி செய்தேன்.

"எம்புட்டுப் பெரிய விளக்கு! இதைப் போயி கறுப்படிச்சு வச்சிருக்காகளே, இவுகளை என்ன சொல்ல?"

பூஜை அன்று பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்த விசிலுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டான். யார் தேய்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. பொரியை மென்றுகொண்டு ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

தீபாவளிக்குள் விசிலும் போயிற்று, தகடும் போயிற்று. அறுத்த தடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. விசாரிக்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, அது பித்தளை என்று யாருக்குத் தெரியும் என்பதுதான். எல்லா விரலும் உங்கள் பக்கம் நீண்டது. ஏணி போட்டு ஏறியவள், பிளேடு வைத்துச் சுரண்டியவள். கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டார்கள். காண்டிராக்டர் "கொஞ்ச நாள் வர வேண்டாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. எதிரே டீக்கடைக்காரர், நீங்கள் கடந்து போகும்போதெல்லாம், "ஏலே, பித்தளை பாய்லரு பத்திரம்லே!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். நாலு பேர் சிரிப்பார்கள். நீங்கள் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும், வேனுக்கு அந்தக் கடைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டுதான் வந்தீர்கள்.

உங்களை அரித்தது அந்தச் சிரிப்பு அல்ல. "நான் எடுக்கலைங்கிறது எனக்குத் தெரியும் மதினி. ஆனா நான் தேய்க்காம இருந்திருந்தா அது பாட்டுக்கு அங்கன இருந்திருக்கும்ல?" எனக்குக் கோபம் வந்துவிடும். களவாணிப்பயலுக்குக் கறுப்பென்ன மஞ்சளென்ன, அவன் எப்படியும் எடுத்திருப்பான் என்று கத்துவேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொள்வீர்கள். ஒரு நாள் வேலிக்காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், மிச்சம் இருந்த ஒரு பித்தளைக் குழாய்க்கும் வளையத்துக்கும் நீங்களே கறுப்புப் பெயிண்ட் அடித்தீர்கள். தேய்த்த அதே கை. நான் பார்க்க மாட்டாமல் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

போன கோடையில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

இனி செய்தி. போன வாரம் வேனுக்கு நிற்கும்போது, அன்றைக்கு உங்களை விசாரித்த ஏட்டு என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். வேறெங்கோ செம்புக் கம்பி அறுத்தபோது ரெண்டு பேர் சிக்கியிருக்கிறார்கள். இதையும் ஒத்துக்கொண்டார்களாம். விசில் அப்போதே உருகிப் போய்விட்டதாம். பித்தளை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில பாத்திருக்காங்க. மாலையும் கழுத்துமா நின்ன என்ஜின்ல விசில் தங்கமாட்டம் மின்னுச்சாம். அந்தம்மா மேல ஒண்ணும் இல்லம்மா, சொல்லிருங்க."

நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்றேன். தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

செய்தியில் பாதியை மட்டும் எழுதலாமா என்று யோசித்தேன் மதினி. பாதியை மறைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் சொன்னதுதான் சரி. அவர்கள் கண்ணில் பட்டது நீங்கள் தேய்த்த மினுக்கம்தான். இத்தனை நாள் கத்திக் கத்திச் சண்டை போட்ட நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். திருடன் வருவான் என்று யாராவது வீட்டு விளக்கைத் தேய்க்காமல் விடுவார்களா? இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை. இப்போது கேட்டால், "அதுக்கில்ல மதினி" என்று இழுக்க நீங்கள் இல்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போனேன். விசிலை எடுத்த ஆட்கள் அகப்பட்டுவிட்டார்கள் என்றேன். "எந்த விசிலு?" என்றார். உங்களைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். அவருக்கு அது நாலு நாள் சிரிப்பு, அவ்வளவுதான். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாயிற்று. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். உங்கள் மேல் விழுந்த பழியின் நினைப்பும் இன்றைக்கு என்னிடம்தான் இருக்கிறது, அது பொய் என்று தெரிந்ததும் என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாள் வேனில் ஏறியதும் பேச ஆரம்பித்தேன். பழைய ஆட்கள் பாதிப் பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் வந்ததெல்லாம் உங்களைப் பார்த்தே இராத புதுப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன வந்தது என்று பார்க்கவில்லை. இந்த என்ஜினை ஒருத்தி தேய்த்தாள், அவள் எதையும் எடுக்கவில்லை என்று முதலிலிருந்து சொன்னேன். ரெண்டு பிள்ளைகள் செல்போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அவுக பேரு என்னக்கா?" என்றாள் ஒருத்தி.

சொன்னேன். வேன் சத்தத்தில் சரியாக விழுந்திருக்காது என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.