மெஷினுக்கு வைத்த பொட்டு

என் செல்லத் தங்கச்சி பச்சையம்மா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு நம் உறுவையாறு வீட்டில் ஒரு மெஷின் பிறந்திருக்கிறதுடி. பெற்றவள் என் பேத்தி திவ்யா. கம்பெனியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, ரவை அளவு பார்ட்ஸை ட்வீசரால் எடுத்து எடுத்து சர்க்யூட் போர்டில் வைப்பாயே, அந்த வேலையை இப்போது அதுவே செய்கிறது. கழுத்து வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பழைய பிரிண்டரின் மோட்டார், கம்பி. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற பம்பை மாற்றி மாட்டி, காற்றை உறிஞ்ச வைத்திருக்கிறாள். ஊசி முனை பார்ட்ஸை உறிஞ்சி எடுக்கும். நடுவில் அண்ணாந்து பார்க்கிற ஒரு கேமரா. அதனிடம் காட்டி, அது சரி என்றால்தான் போர்டில் வைக்கும். ஐந்தாவதோடு நின்ற நான் இதையெல்லாம் விளக்குகிறேனே, சிரிக்கிறாயா?

ஆயுத பூஜைக்கு மறுநாள் வில்லியனூரிலிருந்து ஒருவர் வந்தார். செல்போனிலேயே பம்புசெட்டை ஓட்டுகிற பெட்டி செய்து விற்பவர். கண்ணெதிரே அந்தப் பெட்டிக்கான போர்டு ஒன்றைச் சரியாகச் செய்து காட்டினால் வேலை முழுவதும் திவ்யாவுக்கு. இல்லையென்றால் மெஷினை மூட்டை கட்டிவிட்டு பெங்களூரு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று என் மகன் கறாராகச் சொல்லிவிட்டான்.

பிள்ளை போர்டில் ஈயப் பசை தடவி மெஷினை ஓட்டினாள். ஊசி ஒன்றை எடுத்தது, கேமராவிடம் காட்டியது, குப்பை டப்பாவில் போட்டது. அடுத்ததையும் அப்படியே. உன்னைப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்து போனார்களே, அவர்கள் மாதிரியேதான் இந்த மெஷினும்!

"இன்னாம்மா, உன் மெஷினு எல்லாத்தையும் வேணாங்குது?" என்றார் வந்தவர்.

"கொஞ்சம் இருங்கண்ணே. பசை காய்ஞ்சா எல்லாம் வேஸ்ட்டு" என்று டார்ச் அடித்துக் குனிந்தவள் கத்தினாள். "ஆயா! இதுக்குமா பொட்டு வச்ச?"

பின்னே? கிரைண்டர், சைக்கிள், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் வைத்தவள் இதை மட்டும் விடுவேனா? நடுவில் வட்டமாகப் பளபளவென்று இருந்தது. சந்தனமும் குங்குமமும் தாராளமாகவே வைத்தேன். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாது என்று மிரட்டியதும் நான்தான். அதனால் யாரும் பார்க்கவில்லை.

"அது கண்ணு ஆயா!"

"நெத்தி எங்க இருக்குன்னு நீ சொன்னியாடி?"

வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திவ்யா துணியால் துடைத்தாள். அப்புறம் பார்க்கணுமே! டக் டக்கென்று எடுத்தது, காட்டியது, வைத்தது. கடைசியில் ஒன்று மட்டும் கோணலாக உட்கார்ந்தது. அவள் உன் ட்வீசரை எடுத்து, உன்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக்கினாள்.

ஓவனில் சுட்டு, ஆற வைத்து, கரண்ட் கொடுத்தாள். பச்சை லைட் எரிந்ததுடி பச்சை!

"வேலை உனக்குத்தாம்மா" என்றவர், வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "என் போர்டுக்கும் பொட்டு வச்சிடாத ஆயா" என்றார். என் மகனோ மெஷின் மேசை ஆடாமல் இருக்க காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

உன் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் இந்தத் திவ்யாதானே? அதற்காகத்தான் இதைச் செய்தாயா என்று கேட்டேன். சிரிக்கிறாளே தவிர சொல்ல மாட்டேன் என்கிறாள். உன்னிடமாவது சொன்னாளா?

அடுத்த ஆயுத பூஜைக்கு மெஷினுக்குக் காலில்தான் பொட்டு. முதல் பொட்டு உன் ட்வீசருக்கு. சத்தியம்டி.

உன் ட்வீசரை யாருக்கும் இரவல் தராத,
உன் அக்கா கன்னியம்மா