ஆடி கழியட்டும் என்றார் மாமி

ஆடி, வெள்ளி இரவு

ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டுப் போனதற்கு, காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் இன்று கையை விரித்துவிட்டார்கள். “தத்தெடுக்கிற கட்டளை கோர்ட்டில கிடைச்ச பிறகு வாற செலவுக்குத்தான் காசு, மிஸ். இப்ப அவ உங்கட பிள்ளை இல்லையே,” என்றார் அதிகாரி.

நாங்கள் தத்தெடுக்கக் கேட்டிருக்கும் குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள். மூச்சுத்திணறல் வந்து தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். தத்தெடுப்பு வழக்கு போன கிழமையே முடிந்திருக்கும். “ஆடியில நல்ல காரியம் வேணாம் மனே, ஆவணியில பாப்பம்,” என்று மாமி மகனிடம் சொன்னார். இவரும் கோர்ட்டில் தவணையை ஆவணிக்குத் தள்ளிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மாமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் தலையணையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. அடகுக் கடை மத்தியானம் வரைதான்.