தந்தி அடிக்கவில்லை

காசி
தை மாதம், 1974

அம்மாவுக்கு,

தந்தி வரவில்லையே என்று மாமா குதித்துக்கொண்டிருப்பார். குதிக்கட்டும்.

அப்பா காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். "காலேஜ் டூர்ல காசிக்குத்தானே போற? பிண்டத்தப் போட்டுட்டுத் தந்தி குடுத்துரு. இங்க தாலியக் கழட்டீரலாம்" என்று மாமா சொன்னபோது நீயும் அங்கேதான் இருந்தாய். எனக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாய்.

இன்று வந்து இறங்கியதும் கங்கைக்கரைக்குப் போனேன். மந்திரம் சொல்ல ஒரு தமிழ் ஐயரே கிடைத்தார். "தோப்பனார் பேரைச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். கீழ்ப்படியில் துணி அலசிக்கொண்டிருந்த தாடிக்காரரின் கை நின்றது. நான் பிண்டத்தை ஏந்திக்கொண்டு இறங்கியபோது அவர் குனிந்தபடியே பேசினார்.

"பாத்து எறங்குங்க தம்பி, படி வழுக்குமுங்க. கொழிஞ்சாம்பாறை வாய்க்கால்ல இப்பத் தண்ணி உடறாங்களுங்களா?"

நான் அங்கே யாரிடமும் நம் ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை, அம்மா.

"உடறாங்களுங்க" என்றேன். ஐயர் மேலிருந்து "போடுங்கோ, போடுங்கோ" என்று விரட்டினார். நான் போடவில்லை. பிண்டத்தை இலையோடு ஐயரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினால், தாடிக்காரர் ஈரத்துணியோடு படியேறிக் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தார்.

நாளை மற்றவர்கள் ரயிலேறுவார்கள். நான் அதே படியில் உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். தாலியைப் பற்றி இனி மாமா பேசவேண்டாம். நீ சொல்.

உன் மகன்